நாமா, நாங்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஷேர் மார்க்கெட் தெரியாது. போன் திரையில் பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் முதலாளி என்கிற பிராணியை எனக்கு நன்றாகத் தெரியும். கசார்வாடியில், பழைய மும்பை ஹைவேயை ஒட்டி இருந்த ஒரு வார்ப்படக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவள் நான். ஒரு ஜோடி கையுறை வேண்டுமென்றாலும் சியாமளா மேடம், அதாவது நான், கையெழுத்துப் போட்டால்தான் நகரும்.

அந்தக் கம்பெனி மூடிப் போயிற்று. லேபர் ஆபீஸ், கோர்ட் என்று இழுத்தடித்து, போன வருஷம்தான் செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்தது. எங்களுக்குச் சொந்த ஃபிளாட் இருக்கிறது, அவருக்குப் பென்ஷன் இருக்கிறது. எனக்கென்று, என் உழைப்பென்று இருப்பது அந்தப் பணம் ஒன்றுதான். அதை எங்கே போடுவது என்பதில்தான் வீட்டில் ரகளை.

"பேசாம எஃப்டியில போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார் என் வீட்டுக்காரர் சந்திரமௌலி. கேம்ப் ஏரியாவில் ஒரு டிஃபென்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பேரேடு பார்த்து ரிட்டயர் ஆனவர். பேனாவுக்கு மூடி போட்டால்கூட இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பார்.

"கொஞ்சம் வளரட்டுமேன்னா. நல்ல கம்பெனியா ஒண்ணு பார்த்து வாங்கலாம்."

"உன் பணம், உன் இஷ்டம். போச்சுன்னா எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே."

எனக்குச் சுருக்கென்றது. ஃபிரிட்ஜ் வாங்கும்போது 'நாம வாங்கலாம்', திருப்பதி போகும்போது 'நாம போகலாம்'. இதற்கு மட்டும் உன் பணம், உன் இஷ்டமாம். கையைக் கழுவிக்கொள்வதில் மனுஷர் டெட்டால் போட்டுக் கழுவுவார்.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி முகுந்த் கோத்ரூடிலிருந்து வந்தான். பாங்கில் இருக்கிறான், ஷேர் விஷயத்தில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைப்பு. மூன்று கம்பெனி பெயர் சொன்னான். அதில் ஒன்றுதான் தளேகாவில் இருக்கிற நாணேகாட் பம்ப்ஸ். விவசாயக் கிணற்றுக்கு மோட்டார் பம்ப் செய்கிறவர்கள்.

"இது கொஞ்சம் அடி வாங்கின கம்பெனி அக்கா. போன வருஷம் ஒரு செட் பம்ப்புல தண்ணி ஒழுகாம தடுக்கற சீல் சரியில்லைன்னு எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறோம்னுட்டா. ஷேர் விழுந்துடுத்து. மத்த ரெண்டும் சேஃப்."

"யார் கண்டுபிடிச்சா அதை? பேப்பர்ல வந்துதா?"

"இல்லை, கம்பெனியே சொல்லித்து. எங்க பம்ப்புல கோளாறு இருக்கு, கொண்டுவந்து குடுங்கோன்னு விளம்பரம் குடுத்தா."

அந்த இடத்தில் எனக்குக் காது நிமிர்ந்தது. "இதையே பார்ப்போம்" என்றேன்.

"கஷ்டகாலம்" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர். "ஊர்ல இல்லாத கம்பெனியா, தப்புப் பண்ணின கம்பெனியைத் தேடிப் பிடிக்கறா."

"தப்புப் பண்ணாத கம்பெனி எதுன்னா? தப்புப் பண்ணினா என்ன பேசறான்னு தெரியணும். எனக்கு அது போறும்."

முகுந்த் வழக்கம்போல் கையை விரித்துப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். மேனேஜ்மென்ட் எப்படி என்று பார்க்கணுமாம். முதலாளி தன் ஷேரை அடகு வைத்திருக்கிறாரா, சொந்தக்காரன் கம்பெனியிலிருந்து அதிக விலைக்குச் சரக்கு வாங்குகிறாரா, லாபம் குறைந்த வருஷம் தன் சம்பளத்தை மட்டும் ஏற்றிக்கொண்டாரா. எல்லாம் நியாயமான கேள்விதான். எங்கள் பழைய கம்பெனியில் இந்த மூன்றும் நடந்தது, அப்போது கேட்க ஆள் இல்லை.

"கணக்கை நீ பாரு. ஆளை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"ஆளை எப்படிப் பார்ப்பே? போய் உட்கார்ந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுண்டா?"

"ஆமாம்டா. பொண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி நாலு இடத்துல விசாரிக்கறோம், பணம் போடறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பேச்சைக் கேட்டா என்ன குறைஞ்சுடும்?"

அவன் ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினான். அடகு இல்லை, சொந்தக்காரன் இல்லை. மேனேஜிங் டைரக்டர் சுமேதா ரானடே என்று ஒரு பெண்மணி. பம்ப்பைத் திருப்பி எடுத்த வருஷம் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். "ஆனா இதெல்லாம் ஷோவாவும் இருக்கலாம் அக்கா" என்று முடித்தான். அவனே பாஸ் போட்டுவிட்டு அவனே சந்தேகமும் கிளப்பினால் நான் என்ன செய்வது? ஒரே ஒரு ஷேர் வாங்கினேன். ஒன்று இருந்தாலே கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்காரலாம், வாய் திறந்து கேள்வியும் கேட்கலாம். சட்டம் அப்படி.

நான் எதைக் கேட்கப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் பழைய முதலாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தேனாகப் பேசுவான் அந்த மனுஷன். ஆர்டர் வந்தால் மைக்கைப் பிடித்து "மீ" என்பான். மராத்தியில் 'மீ' என்றால் நான். மீ கொண்டுவந்தேன், மீ பேசினேன், மீ சாதித்தேன். அப்புறம் கம்பெனிப் பணத்தையெல்லாம் லோணாவளாவில் ஒரு ரிசார்ட்டில் கொண்டுபோய்க் கொட்டினான். ஒரு நாள் எங்கள் எல்லோரையும் யார்டில் நிற்க வைத்து, கம்பெனியை மூடப் போவதாகச் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்ன வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆபண் கமி பட்லோ."

மராத்தியிலும் நம்மைப் போல இரண்டு 'நாம்' உண்டு. ஆம்ஹி என்றால் நாங்கள், கேட்கிற நீ அதில் இல்லை. ஆபண் என்றால் நாம், நீயும் சேர்த்தி. நாம் எல்லோரும் குறை வைத்துவிட்டோம் என்றான் அவன். அன்று அந்த யார்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்தான். ஸ்டோர்ஸில் எதை வீணடித்தேன், எந்தச் சரக்கை அதிகம் வாங்கினேன் என்று யோசித்து யோசித்து மூன்று வருஷம் எனக்கு உறக்கமே சரியில்லை. கோர்ட்டில் ரிசார்ட் விவகாரம் வெளியான பிறகுதான் எனக்கு உறைத்தது. படுபாவி, ஒரே ஒரு சொல்லை வைத்து அவன் பாவத்தைப் பங்கு போட்டு எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்!

அதிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். நஷ்டம் வரும்போது முதலாளி நாம் என்கிறானா, நாங்கள் என்கிறானா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் தளேகாவ் போனேன்.

கசார்வாடி ஸ்டேஷனில் லோணாவளா லோக்கலைப் பிடித்தோம். இவரும் வந்தார். "துணைக்குத்தான், அட்வைஸுக்கு இல்லை" என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஷேர் வைத்திருக்கிறவர்களுக்குத்தானே அனுமதி என்று நான் கவலைப்பட்டேன். ஃபேக்டரி வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண் இவரைப் பார்த்து, "யா காகா, சஹா க்யா" என்றாள். வாங்கோ, டீ எடுத்துக்கோங்கோ என்று யாராவது சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரருக்கு அதுவே அழைப்பிதழ்.

கூட்டம் கான்டீன் ஹாலில். நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் தின்பண்டப் பெட்டிக்கு வந்தவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆளுக்கு ஒரு கச்சோரி, ஒரு பர்ஃபி.

"பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலா கச்சோரி" என்றார் இவர் என் காதில். "பொண்ணு எங்கே?"

மேடையில் வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் சுமேதா ரானடே. ஐம்பது வயது இருக்கும். சாதாரணக் காட்டன் புடவை, காலில் ஃபேக்டரி ஷூ. எழுந்து இங்கிலீஷில் படித்தாள். வீ ரெக்ரெட், வீ ரீகால்டு, வீ பிலீவ். எனக்குப் பொறுமை போய்விட்டது. இங்கிலீஷில் இதுதான் தொல்லை, நாமும் 'வீ', நாங்களும் 'வீ'. ஹிந்தியிலும் 'ஹம்' என்று ஒன்றை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த பாஷைகளில் தமிழிலும் மராத்தியிலும்தான் ஆள் ஒளிந்துகொள்ள முடியாது.

நல்லவேளையாக முன்வரிசையில் ஒரு தாட்டியான மனுஷர் எழுந்தார். நாராயண்காவில் பம்ப் விற்கிற டீலராம், பாபட் என்று பெயர். மைக்கைத் தட்டிவிட்டு மராத்தியில் பிடித்துக்கொண்டார். கடை வாசலில் விவசாயிகள் வந்து சண்டை போட்டதையும், ஒருத்தர் பம்ப்பைத் தூக்கி வந்து நடுவாசலில் போட்டுவிட்டுப் போனதையும் சொன்னார். மேடமும் இங்கிலீஷை மடித்து வைத்துவிட்டு மராத்திக்கு வந்தாள். நான் கச்சோரியைக் கீழே வைத்துவிட்டேன்.

மைக் கரகரத்தது. வெளியே தகர ஷெட்டில் மழை. அவள் சொன்னது எனக்குத் துண்டு துண்டாக விழுந்தது. "ஹீ சூக்… ஆபண்…" அவ்வளவுதான். 'சூக்' என்றால் தப்பு. இந்தத் தப்பு, நாம்!

அதே சொல். காட்டன் புடவை கட்டினால் என்ன, ஷூ போட்டால் என்ன, எல்லாம் அந்த யார்டில் நின்றவனின் கூடப்பிறந்தவர்கள்தான். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார், "சியாமா, உட்காரு. ஊர் கூடி இருக்கு, உட்காரு." நான் எழுந்து நின்றுவிட்டேன்.

என் மராத்தி காய்கறிக்கடை மராத்தி. கோபம் வந்தால் அதில் பாதி தமிழாகிவிடும். ஆனாலும் கத்தினேன். "மேடம்! சூக் கோணாசி? ஆப்லி கீ தும்சி?" தப்பு யாருடையது? நம்முடையதா, உங்களுடையதா?

ஹாலில் பர்ஃபி பேப்பர் சரசரப்பதுகூட நின்றுபோயிற்று. மேடம் என்னைப் பார்த்தாள். பாபட் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்துவிட்டார்.

"தாயி, அவங்க ஆபண்னு சொன்னது என்னை" என்றார் மராத்தியில், அக்கா என்று கூப்பிடுகிற பாவனையில். "இந்தத் தப்பை நான்தான் போன வருஷம் இதே இடத்துல நின்னு சொன்னேன்னு சொல்றாங்க."

அட ராமா. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆபண் என்றால் நாம் மட்டும் இல்லை, மரியாதைக்கு 'தாங்கள்' என்றும் அர்த்தம். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், பாங்க்கில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி போர்டில் தினமும் பார்க்கிற சொல். பழைய முதலாளி மேல் இருந்த கோபத்தில் என் காதுக்குள் அந்த ஒரு அர்த்தம் மட்டும் குடியேறிவிட்டது. நாலு பேர் சிரித்தார்கள். நான் உட்காரப் போனேன்.

"இருங்க" என்றாள் மேடம். அவள் சிரிக்கவில்லை. "மைக் சரியில்லை, அதான் குழப்பம். ஆனா நீங்க கேட்டது சரியான கேள்வி. இன்னும் நான் பதில் சொல்லலை."

மைக்கை ஓரமாக வைத்துவிட்டு, நேராகவே பேசினாள்.

"மாஜீ" என்றாள். என்னுடையது.

எனக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னாள். "சூக் மாஜீ. விலை குறைஞ்ச சீலை வாங்கலாம்னு கையெழுத்துப் போட்டது நான். பாபட்ஜி எச்சரிச்சார். நான் கேட்கலை. அதனால ஆபண் இல்லை, ஆம்ஹியும் இல்லை."

பின்வரிசையிலிருந்து ஒருத்தர், இதற்காக யாரை வேலையை விட்டு எடுத்தீர்கள் என்று கேட்டார். பர்ச்சேஸில் இருந்த பையனையா?

"யாரையும் எடுக்கலை. அவன் மூணு விலை கொண்டுவந்தான், தேர்ந்தெடுத்தது நான். அவனை அனுப்பணும்னா நானும் கூடப் போகணும்" என்றாள். அப்புறம் அதே குரலில், இன்னும் திரும்பி வராத பம்ப்புகள் இருக்கின்றன, ஜுன்னர் பக்கம் ஆள் அனுப்பித் தேடுகிறோம், தீபாவளிக்குள் முடியும் என்று நினைக்கிறேன், முடியாமலும் போகலாம் என்றாள். யாரும் கை தட்டவில்லை. அவளும் அதற்காக நிற்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த யார்டில் நான் கேட்டிருக்க வேண்டிய சொல் அது. அன்று அந்த மனுஷன் 'மாஜீ' என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்போம். யாரோ ஒருத்தி, எனக்கு எந்தக் கடனும் படாதவள், தளேகாவ் கான்டீனில் நின்று அதைச் சொல்லிவிட்டாள். இவர் கைக்குட்டையை நீட்டினார். அதில் கச்சோரி எண்ணெய்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பாபட் எங்கள் பக்கத்தில் வந்து, "தாயி, அடுத்த வருஷமும் வாங்க. கேட்க ஆள் வேணும்" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போகும்போதே முகுந்துக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேச்சு எல்லாரும் பேசுவா அக்கா" என்றான்.

"பேசுவாடா. அதனாலதான் முழுசும் போடப் போறதில்லை. இப்போ பாதி. தீபாவளிக்குள்ள அந்த பம்ப்பெல்லாம் மாத்தினாளான்னு பார்த்துட்டு மீதி."

"அட, நீ தேறிட்டே" என்றான். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

திரும்பும் லோக்கலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. இவர் தேஹூரோடு வரைக்கும் குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே வந்தார். எனக்குப் பயம், நாலு பேர் முன்னால் கத்தி மானத்தை வாங்கிவிட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று. நானே ஆரம்பித்தேன்.

"கோபமா? அசடு வழிய வச்சுட்டேனா?"

"அசடுதான்" என்றார். "ஆனா கேட்டியே. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல யார் தப்புன்னு நான் ஒருத்தரையும் கேட்டதில்லை."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அந்தக் கம்பெனி மூடினப்புறம் நீ மூணு வருஷம் தூங்கலை சியாமா. எழுந்து எழுந்து உட்காருவே. நான் தூங்கற மாதிரி படுத்துண்டிருப்பேன். என்ன சொல்றதுன்னு தெரியலை. இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதான் உன் பணம், உன் இஷ்டம்னு ஒதுங்கிண்டேன். எனக்கு பயம், வேற ஒண்ணுமில்லை."

இந்த மனுஷரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

"இதை அப்பவே சொல்லப்படாதா?" என்றேன். கோபமாகத்தான் சொல்ல நினைத்தேன், வேறு மாதிரி வந்துவிட்டது.

"இப்போ சொல்லிட்டேனே."

பிம்ப்ரி தாண்டியதும் இறங்குவதற்கு எழுந்து வாசலருகே வந்து நின்றோம். பழைய கம்பெனி இருந்த இடம் அந்தப் பக்கம்தான். இப்போது அங்கே கார் ஷோரூம். எப்போதும் அந்த இடம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்று பார்த்தேன். ஏதோ ஒரு கார் ஷோரூம், அவ்வளவுதான்.

கசார்வாடி பிளாட்ஃபாரத்தில் இறங்கியதும் அவர் குடையை விரித்து என் பக்கம் சாய்த்தார்.

"சரி, நாளைக்கு எவ்வளவு வாங்கலாம் நாம?" என்றார்.

நின்றுவிட்டேன். "என்ன சொன்னேள்?"

"எவ்வளவு வாங்கலாம்னு கேட்டேன்."

"அது இல்லை. கடைசியில ஒரு வார்த்தை சொன்னேளே. நாமளா? நானா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியில் மழைத்துளி. "நாமதான்" என்றார்.

"லாபம் வந்தா எல்லாரும் நாமன்னுதான் சொல்லுவா. போயிடுத்துன்னா?"

"போயிடுத்துன்னாலும் நாமதான்."